தோல் பை வெளுத்தால், கறுத்தால், வெடித்தால்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தோல் சாமான் பழுது பார்க்கிறவனிடம் வருஷம் முழுக்க வருவது ஏறக்குறைய அதே புகார்கள்தான். பை வெளுத்திருக்கிறது, பெல்ட் கறுத்துவிட்டது, பர்ஸ் மடிப்பில் வெடித்திருக்கிறது, செருப்பு விறைத்துவிட்டது. கொண்டுவருகிறவர்கள் முதலில் கேட்பதும் ஒன்றுதான்: "அண்ணா, இதைப் புதுசு மாதிரி ஆக்கித் தர முடியுமா?" முடியாது. முடிந்தாலும் செய்ய மாட்டேன். பத்து வருஷம் கைபட்டு ஏறிய மெருகு கடையில் விலைக்குக் கிடைக்காது. அதைத் தொடாமல் பழுதை மட்டும் நீக்கும் வழிதான் கீழே இருப்பது. உங்கள் சாமானில் தெரியும் அறிகுறியைத் தேடி நேராக அந்த இடத்துக்குப் போங்கள். காசு செலவில்லாத காரணம் முதலில், செலவு வைப்பது கடைசியில்.

## முதலில் ஒன்று: இது பழுதுதானா?

கைப்பிடி மட்டும் கறுத்திருக்கிறதா, பையின் மூடி விளிம்பு மினுங்குகிறதா, பெல்ட்டில் தினமும் மாட்டும் ஓட்டை மட்டும் நீண்டிருக்கிறதா, பர்ஸின் முதுகில் நாணயத்தின் வட்டம் பதிந்திருக்கிறதா? இவற்றில் எதுவுமே பழுதில்லை. கைச்சூடும் உடம்பெண்ணெயும் உரசலும் சேர்ந்து செய்த வேலை. விட்டுவிடுங்கள்.

வெயில் பட்ட பக்கம் செம்மையாகவும் மூடிக்கு அடியில் வெளிறியும் இருந்தாலும் அப்படித்தான். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல் வெளிச்சத்தில் நிறம் மாறும். அதிலும் வாட்டில் பட்டையில் பதனிட்டது சிவந்துகொண்டே வரும். இந்த வாட்டில் நம் நட்டால் மலைப்பக்கத்துத் தோட்டமரம். 1864-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து விதை வந்து கேம்பர்டவுன் பக்கம் விதைக்கப்பட்டது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் சீகை மரம் என்பார்களே, அதே மரம்தான். ஆவாரம்பட்டையில் பதனிட்டுக்கொண்டிருந்த தமிழ்நாட்டுத் தோல் ஷாப்புகளுக்கு ஒரு காலத்தில் இங்கிருந்துதான் வாட்டில் பட்டை கப்பலேறியது. ஆகவே தாத்தாவின் பெட்டி வார் செங்காவி நிறத்துக்கு வந்துவிட்டதே என்று சாயம் பூசக் கொடுக்காதீர்கள்.

கூடு (kudu) என்ற ஆப்பிரிக்க மானின் தோலில் செய்த ஷூவில் கீறல் கீறலாகத் தெரிவதும் நீங்கள் போட்டதல்ல. முட்புதருக்குள் திரிந்த காலத்தில் அந்த மான் வாங்கிய வடு அது.

அப்புறம், எதைச் செய்வதற்கு முன்பும் இரண்டு சோதனைகள். ஒன்று, பெல்ட் நுனியிலோ பையின் உள்விளிம்பிலோ வெட்டுமுகத்தைப் பாருங்கள். நடுவில் நீலம் கலந்த சாம்பல் தெரிந்தால் குரோம் தோல், அதாவது குரோமிய உப்பில் பதனிட்டது. உள்ளும் புறமும் பழுப்பென்றால் பெரும்பாலும் மரப்பட்டையில் பதனிட்ட பட்டைத் தோல். துணி தெரிந்தால் ரெக்சின் வகை. இரண்டாவது, கண்ணில் படாத இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர். உடனே உறிஞ்சிக் கறுத்தால் மேற்பூச்சு இல்லாத தோல், எதைத் தடவினாலும் உள்ளே போகும். சொட்டு முத்தாகவே நின்றால் மேற்பூச்சு உண்டு. நீங்கள் போடும் எண்ணெய் மேலேயே நின்று தூசியைப் பிடிக்கும்.

## வெள்ளையாகப் படிந்திருக்கிறது

நம் ஊரில் முதல் புகார் இதுதான். நான்கு காரணங்கள் உண்டு, நான்குக்கும் வைத்தியம் வேறு வேறு. எதுவென்று தெரியாமல் எண்ணெய் தடவினால் பாதி நேரம் பழுது பெரிதாகும்.

### பர்ஸுக்குள், மடிப்பில் மட்டும்

சிரிக்காதீர்கள், முதலில் திருநீற்றுப் பொட்டலத்தைப் பாருங்கள். கோயிலில் கொடுத்ததை மடித்துப் பர்ஸில் வைத்து, காகிதம் கிழிந்து, ஆறு மாதமாகக் கொட்டிக்கொண்டிருக்கும். சாம்பல் காரம், வியர்வை ஈரத்தில் கலந்து மடிப்பை உலர்த்தும். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்து, ஈரம் பிழிந்த துணியால் ஒரு துடைப்பு, நிழலில் காயவைப்பு. முடிந்தது.

### கோடுகோடாக, அலை வந்து போன தடம் மாதிரி

உப்பு. வியர்வை உப்பு, இல்லையென்றால் கடல் தண்ணீர். செருப்பு வாரிலும் வாட்ச் பட்டையிலும் அதிகம். நாக்கு நுனியில் கரிக்கும். தொட்டுப் பார்க்க மனமில்லாதவர்கள் ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள், கரைந்துவிட்டுக் காய்ந்ததும் திரும்ப வரும். கோட்டை மட்டும் துடைத்தால் அதன் ஓரத்தில் புதுக்கோடு உண்டாகும். ஒரு தையலிலிருந்து அடுத்த தையல் வரை அந்தத் துண்டு முழுவதையும் ஒரே சீராக நனைத்துத் துடைக்க வேண்டும். காயவிட்டு, தேவைப்பட்டால் இன்னொரு தடவை.

### தொட்டால் வழுக்கும், நகத்தால் சுரண்டினால் மெழுகாக வரும்

தோலுக்குள் இருந்த கொழுப்போ மெழுகோ குளிரில் மேலே பூத்திருக்கிறது. தலைமுடி உலர்த்தும் டிரையரைக் குறைந்த சூட்டில், ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். கண் முன்னே உருகி மறைந்தால் இதுதான். மென்துணியால் தேய்த்துவிடுங்கள். இது நோயில்லை, நல்ல தோலுக்கும் வரும்.

ஆனால் நம் வீடுகளில் இதற்கு இன்னொரு காரணம் உண்டு: தேங்காய் எண்ணெய். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். டர்பன் கோடையில் தடவியது ஜூலைக் குளிரில் ஜோஹன்னஸ்பர்க் போனால் வெள்ளையாக எழும்பி நிற்கும். துடைத்துத் துடைத்துத்தான் குறைக்க வேண்டும், முழுக்க வெளியே எடுக்க வழியில்லை. நல்லெண்ணெய் வேறு விதத்தில் கெடுக்கும். அதைக் கீழே 'பிசுபிசுக்கிறது' என்ற இடத்தில் பார்க்கலாம்.

### பஞ்சுப் புள்ளிகள், மக்கல் வாடை

டிரையர் சூட்டுக்கு உருகவில்லை, முகர்ந்தால் மூடிய பழைய பெட்டியின் வாடை. பூஞ்சணம்.

காற்றில் ஈரப்பதம் 65, 70 விழுக்காட்டைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் தோலில் பூஞ்சணம் பிடிக்கும். டர்பன் கோடையில் 75-க்கு மேல் இருப்பது சர்வசாதாரணம். இருந்தும் தினமும் தோளில் போகும் பையில் இது வருவதில்லை. காற்றும் வெளிச்சமும் கையும் பட்டுக்கொண்டே இருக்கின்றன. வருவதெல்லாம் பத்திரப்படுத்தியவற்றில்தான்.

"மகன் கல்யாணத்துக்கு வாங்குனது தம்பி, ஒரு தரம்தான் எடுத்தேன். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காம அலமாரியில வெச்சிருந்தேன்."

"அந்த உறைதான் ஆன்ட்டி காரணம்."

செய்ய வேண்டியது இவ்வளவுதான், ஆனால் வரிசை முக்கியம். வீட்டுக்குள் தட்டாதீர்கள், பின்கட்டுக்கோ முற்றத்துக்கோ கொண்டுபோங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவது நல்லது, மற்றவர்களும் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். உலர்ந்த பருத்தித் துணியால் ஒரே திசையில் துடைத்து, அந்தத் துணியைக் குப்பையில் போடுங்கள். பையைத் திறந்து, பாக்கெட்டுகளை வெளியே இழுத்துவிட்டு, காற்றோட்டமான நிழலில் ஒரு நாள். காலை இளவெயில் அரைமணி நேரம் படலாம். உச்சி வெயில் கூடாது.

புள்ளி இன்னும் தெரிந்தால் மருந்துக்கடையில் நிறமில்லாத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வாங்கி, சம அளவு தண்ணீர் கலந்து, துணியில் தொட்டு லேசாகத் துடையுங்கள். மறைவான இடத்தில் சோதித்த பிறகுதான். சாயம் துணியில் ஏறினால் அங்கேயே நிறுத்துங்கள். ஹார்டுவேர் கடை மெத்திலேட்டட் ஸ்பிரிட் வேண்டவே வேண்டாம். நம் நாட்டில் அதற்கு ஊதா நிறம் கலந்து விற்கிறார்கள், வெளிர் தோலில் அது அப்படியே ஏறும். வினிகரையும் நான் சேர்ப்பதில்லை. பட்டைத் தோல் ஏற்கெனவே அமிலப் பக்கம்தான் இருக்கும், பழசானால் இன்னும் கூடும். மேலே மேலே புளிப்பை ஊற்றுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

நன்றாகக் காய்ந்த பிறகே கிரீம், அதுவும் மெல்லியதாக. ஈரத்தோடு கொழுப்பைத் தடவினால் பூஞ்சணத்துக்குச் சோறு போட்ட கணக்கு.

ஒரு வாரத்தில் திரும்ப வந்துவிட்டதா? அப்படியானால் பையைத் துடைத்துப் பயனில்லை, அலமாரியைப் பாருங்கள். வெளிச்சுவரை ஒட்டி நிற்கிறதா? ஒரு கையகலம் முன்னே இழுங்கள். அதே அறையில் ஈரத்துணி காய்கிறதா? பிளாஸ்டிக் உறையை எறிந்துவிட்டுப் பழைய தலையணை உறைக்குள் வையுங்கள். உள்ளே திணிக்க வெள்ளைக் காகிதம்தான். செய்தித்தாளின் மை வெளிர் தோலில் ஒட்டும். எல்லாவற்றையும் விட, மாதம் ஒருமுறையாவது கடைக்குப் போக அந்தப் பையை எடுங்கள்.

ஆளிடம் கொடுக்க வேண்டியது எப்போது: வெளியே சுத்தமாகியும் வாடை போகவில்லையென்றால் பூஞ்சணம் உள்துணிக்கும் தோலுக்கும் நடுவிலுள்ள பஞ்சில் இருக்கிறது. உள்துணியைப் பிரித்து மாற்ற வேண்டும். வீட்டில் செய்யக்கூடிய வேலையில்லை. துடைத்தபின் நிற்கும் கரும்புள்ளிகள் மட்டும்தான் மிச்சமென்றால் செலவு செய்யாதீர்கள், அவை நாரில் ஏறிய கறை.

## திட்டுத் திட்டாகக் கறுத்திருக்கிறது

மழைத்துளி. தைப்பூசக் காவடிக்குப் போய், செருப்பைக் கோயில் வாசலில் விட்டு, ஜனவரி மழையில் நனைந்து வருவது வருஷா வருஷம் நடக்கிறது. உப்புக்குச் சொன்ன வைத்தியம்தான்: முழுத் துண்டையும் சீராக ஈரப்படுத்தி மெல்லக் காயவிடுவது. பழைய தோலென்றால் ஒன்றும் செய்யாமல் விட்டாலும் சில மாதத்தில் சுற்றுப்புறமும் கறுத்துச் சமமாகிவிடும். நானாக இருந்தால் விட்டுவிடுவேன்.

எண்ணெய். பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து கறி ஊற்றித் தரும் டர்பன் உணவு), சமோசா எதுவானாலும் ஒன்றுதான். தண்ணீர் வைக்காதீர்கள். சோளமாவைத் தூவி ஒரு இரவு விட்டுக் காலையில் தட்டுங்கள். இரண்டு மூன்று தடவைக்கு மேல் குறையாது, மீதி தோலுக்குள் பரவிக் காணாமல் போகும்.

மஞ்சள், குங்குமம். மஞ்சள் கறை வெளிச்சத்தில் தானாக வெளுக்கும். ஜன்னலோரம் சில நாள் வைத்தால் போதும். குங்குமம் அப்படியில்லை. உலர்ந்த நிலையிலேயே ஊதித் தட்டி எடுக்க வேண்டும். ஈரத்துணி பட்டால் சாயம் கரைந்து உள்ளே போய்விடும், பிறகு யாராலும் எடுக்க முடியாது.

ஜீன்ஸ் நீலம். வெளிர் பையின் முதுகில் வரும். சேணச் சோப்பை (saddle soap, தோலுக்கென்றே உள்ள சோப்பு) நுரையாக மட்டும் எடுத்துத் துடைத்தால் கொஞ்சம் குறையும். மேற்பூச்சு இல்லாத தோலில் நின்றுவிடும்.

முழுவதையும் கறுப்புச் சாயம் பூசி மறைப்பது கடைசி வழி, செலவும் கூட. கைபட்ட மெருகு அத்தனையும் அதோடு போகும்.

## விறைக்கிறது, வெடிக்கிறது

முதல் கேள்வி: காரில் விட்டீர்களா? கோயிலுக்குள் தோல் சாமான் கொண்டுபோகக் கூடாதென்று பெல்ட்டையும் பர்ஸையும் கழற்றி டாஷ்போர்டில் வைத்துவிட்டுப் போகிறோம். டர்பன் பக்கத்து மவுண்ட் எட்ஜ்கோம்பிலும் இசிப்பிங்கோவிலும் மாரியம்மன் கோயிலில் ஈஸ்டர் விடுமுறைத் திருவிழாவென்றால் நாள் முழுக்க அங்கேதான். மூடிய கார் வெயிலில் எவ்வளவு கொதிக்கும் என்பது ஸ்டியரிங்கைத் தொட்டவருக்குத் தெரியும். சீட்டுக்கு அடியில், ஒரு துணியில் சுற்றி வையுங்கள். இந்த ஒன்றை மாற்றியே பல பெல்ட்டுகள் பிழைத்திருக்கின்றன.

இரண்டாவது: மேட்டுநிலத்துக்குக் குடிபோனீர்களா? இங்கே நன்றாக இருந்த தோல், ஜோஹன்னஸ்பர்க் இருக்கும் கௌடெங் மாகாணத்தின் வறண்ட குளிர்காலத்தில் உலர ஆரம்பிக்கும். ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தால் இன்னும் சீக்கிரம்.

இப்போது வெடிப்பைப் பாருங்கள். மெதுவாக மடக்கி, வெளிச்சத்தில்.

### மேலே ரேகை மட்டும், உள்ளே நார் தெரியவில்லை

பிழைக்கும். தூசியைத் துடைத்துவிட்டு, தேன்மெழுகு கலந்த தோல் கிரீமைப் பட்டாணி அளவு எடுத்து, விரல் நுனியால் தேய்த்துச் சூடேற்றித் தடவுங்கள். மறுநாள் தொட்டுப் பாருங்கள். குடித்துவிட்டதென்றால் இன்னொரு பூச்சு. குடிக்காமல் மேலே நிற்கும் நாளில் நிறுத்திவிடுங்கள். ஒரே நாளில் நிறையப் பூசினால் தோல் தொளதொளத்துப் போகும், திரும்ப விறைப்பு வராது.

சேணக்காரர்கள் பயன்படுத்தும் நீட்ஸ்ஃபுட் ஆயில் நல்ல எண்ணெய்தான், ஆனால் அது மாட்டுக் காலெலும்பிலிருந்து எடுப்பது. தோலைக் கறுக்கவும் செய்யும். வேண்டாமென்று சொல்கிறவர்களிடம், பெல்ட் மட்டும் எந்தத் தோலாம் என்று நான் கேட்பதில்லை. கிரீமே போதும். டப்பின் (dubbin) என்ற கெட்டிக் கொழுப்புப் பூச்சு பூட்ஸுக்கு, கைப்பைக்குப் பூசாதீர்கள்.

### உள்நார் தெரிகிறது

நார் அறுந்தபின் எந்த எண்ணெயும் ஒட்டவைக்காது. எடை தாங்காத இடமென்றால், மூடியோ பக்கவாட்டோ, கிரீம் போட்டு அப்படியே பயன்படுத்துங்கள். கைப்பிடி, தோள்வார், பெல்ட்டின் பக்கிள் மடிப்பு என்றால் அறுந்துவிழும் முன் ஆளிடம் கொடுங்கள். உள்ளே ஒரு பட்டை வைத்துத் தைக்கலாம், அல்லது அந்தத் துண்டை மட்டும் மாற்றலாம்.

## முழுக்க நனைந்துவிட்டது

2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு இந்த வேலைதான் மேசை முழுக்க. வெள்ளத் தண்ணீரென்றால் சேறு காய்வதற்கு முன் நல்ல தண்ணீரில் அலசுங்கள், ஏற்கெனவே நனைந்ததுதானே. துண்டில் ஒற்றி எடுத்து, வெள்ளைக் காகிதம் திணித்து, பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்து, நிழலில் மின்விசிறிக் காற்றில் வையுங்கள். காகிதத்தைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஹீட்டர், அடுப்பு, வெயில் மூன்றும் கூடாது: ஈரத் தோல் சூட்டில் சுருங்கினால் திரும்ப விரியாது. முக்கால்வாசி காய்ந்து, தொட்டால் குளிர்ச்சி மட்டும் மிச்சமிருக்கும் நிலையில் மெல்லிய கிரீம் பூச்சு ஒன்று. அலசாமல் மூட்டை கட்டி வைத்தால் இரண்டு நாளில் பூஞ்சணம்.

## பிசுபிசுக்கிறது

பெரும்பாலும் நம் கைங்கரியம்தான். நல்லெண்ணெய் தடவினால் காற்றுப் பட்டுப் பட்டு அது பிசினாகும். விளக்குக்கு வைத்திருப்பதை விளக்குக்கே விடுங்கள். சேணச் சோப்பு நுரையால் துடைத்து, காயவிட்டு, மறுபடி துடைக்க வேண்டும். பொறுமை வேலை.

சோபாவில் தலை சாய்க்கும் இடம் மட்டும் பிசுபிசுத்தால் தலையெண்ணெய் மேற்பூச்சைக் கரைத்திருக்கிறது. ஆரம்பமென்றால் துடைப்பு போதும். நிறம் விரலில் வந்தால் மேற்பூச்சைத் திரும்ப அடிக்கும் ஆள் வேண்டும், செலவு கணிசம். அதற்குமுன் ஒரு துண்டு விரித்துப் பழகுங்கள்.

## செதில் செதிலாக உரிகிறது

உரிவது தோலில்லை, மேலே ஒட்டிய பாலியூரித்தேன் படலம். ஈரக்காற்றில் அது தானே சிதையும், எடுத்துப் பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும். கிரீம், பசை, பாலிஷ் எதுவும் வேலைக்காகாது, காசை வீணாக்காதீர்கள். பெட்டியிலேயே இருந்த ஷூ, கல்யாணத்தன்று அடிப்பாகம் பொடியாகக் கொட்டுவதும் இதே கோளாறுதான். மேல் தோல் நன்றாக இருந்தால் ஷூ ரிப்பேர்காரர் புது அடி போட்டுத் தருவார்.

## செந்தூள் கொட்டுகிறது

பழைய தேவாரப் புத்தகத்தின் தோல் அட்டை, தாத்தா காலத்துப் பெட்டி. தொட்டால் கை சிவக்கிறது, நெடி அடிக்கிறது. பட்டைத் தோல் காற்றிலுள்ள கந்தகப் புகையை வாங்கி, வருஷக்கணக்கில் அமிலமேறி, பொடியாகிக்கொண்டிருக்கிறது. இதைத் திருப்ப முடியாது, நிறுத்திவைக்கத்தான் முடியும். எண்ணெய், தண்ணீர் இரண்டும் விஷம். பட்டால் கறுத்து இறுகிவிடும். அமிலமில்லாத காகிதத்தில் சுற்றி, பழைய புத்தகங்களைச் செப்பனிடும் நூல்கட்டுநரிடம் எடுத்துப்போங்கள். வீட்டு வைத்தியம் எதுவும் கிடையாது.

## பக்கிளைச் சுற்றிப் பச்சை

பித்தளையிலுள்ள செம்பும் தோலின் கொழுப்பும் சேர்ந்து விளைந்தது. பல்குச்சியால் கிளறி, உலர்ந்த துணியால் துடையுங்கள். பித்தளை பாலிஷைத் தோலில் படவிடாதீர்கள். அடிக்கடி வந்தால் நீங்கள் போடும் கிரீம் அதிகம் என்று அர்த்தம்.

## தையல் விட்டிருக்கிறது

எத்தனை தையல் என்று எண்ணுங்கள். ஒன்றிரண்டு, நூல்நுனி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தால், பாலியஸ்டர் நூலாக இருந்தால், நெருப்புக்குச்சியால் நுனியை உருக்கி அழுத்திவிடலாம். பருத்தி நூலென்றால் எரியும், கவனம். சூப்பர் குளு மட்டும் ஊற்றாதீர்கள். கண்ணாடி மாதிரி இறுகி, பக்கத்துத் தோலையும் வெடிக்கவைத்து, அடுத்துத் தைக்கிறவர் ஊசி ஏற்ற முடியாமல் செய்துவிடும்.

மெஷின் தையல் ஓரிடத்தில் அறுந்தால் வரிசையாகப் பிரியும். நான்கைந்து விட்டிருந்தால் அந்தப் பையைத் தூக்குவதை அன்றே நிறுத்திவிட்டுக் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது ஒரே ஒரு நிபந்தனை: பழைய ஓட்டையிலேயே, மெழுகிட்ட நூலில், கையால் தைக்க வேண்டும். மெஷினில் ஓட்டினால் பழைய ஓட்டைகளுக்கு நடுவே புது ஓட்டை விழுந்து, அந்த வரிசையிலேயே தோல் கிழியும். இரண்டு ஊசிச் சேணத்தையல் தெரிந்தவர் கிடைத்தால் விடாதீர்கள். அதில் ஒரு நூல் அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். ஊருக்குள் இல்லையென்றால் நட்டாலின் உள்பகுதியான மிட்லண்ட்ஸ் பக்கம் குதிரை வளர்க்கிற ஊர்களில் சேணம் தைக்கிறவர்களை விசாரியுங்கள். அவர்களுக்குக் கைப்பை வார் விளையாட்டு வேலை.

வார் பிய்ந்தே விழுந்துவிட்டதென்றால் பிய்ந்த துண்டையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். புதுத் தோலின் தடிப்பையும் அகலத்தையும் அதை வைத்துத்தான் பொருத்த முடியும். நிறத்தைப் பழையதோடு ஒத்துவரச் சாயமிடட்டுமா என்று கேட்பார்கள், வேண்டாமென்று சொல்லுங்கள். முதல் சில மாதம் வெளிறித் தெரியும், அவ்வளவுதான்.